இரண்டு பெட்டியும் ஒரு கதவும்

எங்கள் சர்வர் அறையில் கால் ஒடிந்து கம்பி சுற்றிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடக்கிறது. புதிதாக வரும் எவனாவது அதைத் தூக்கிப் போடப் போனால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும். மேனேஜர் அண்ணாச்சி அன்று உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆலையின் கணினிப் பிரிவு என்றால் அவரும் நானும்தான். ஆலையின் இணையத்துக்குக் காவலாக இரண்டு ஃபயர்வால் பெட்டிகள். ஒன்று வேலை செய்யும். அது நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும். ஆலை மூடிய ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக அவற்றின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்போம். அந்த ஞாயிறு மத்தியான ரயிலில் அவர் மகள் கணவனோடு மும்பைக்குப் போகிறாள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளிடம் அண்ணாச்சி அதுவரை பேசவே இல்லை. “ஸ்டேஷனுக்குப் போயி ஒரு வார்த்த பேசிருதேன் தாயி. அவளுக்குத் தெரியாது. இத முடிச்சிட்டு ஓடிருவோம்” என்றார். எவ்வளவு வீம்பு பிடித்த மனிதர்! அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

தீக்குச்சி மருந்து கிடக்கும் இடம் என்பதால் செல்போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இந்த வேலை நடக்கும் நாளில் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது அண்ணாச்சியே போட்ட சட்டம்.

முதல் பெட்டி ஃபர்ம்வேரை ஏற்றிக்கொண்டு அணைந்தது. இரண்டாவது வேலையை எடுக்கவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தால், இரண்டையும் சேர்க்கும் கேபிள் பாதி வெளியே. ஆயுத பூசைக்கு இழுத்துத் துடைத்துச் சந்தனம் வைத்தோமே, திருப்பி அழுத்திச் சொருகவில்லை. நாசமாய்ப் போக! இப்போது அழுத்திச் சொருகியும், முதல் பெட்டி எழாமல் இரண்டாவது அசையவில்லை. வெளியே போகக் கதவில் அடையாள அட்டையைக் காட்டினேன், சிவப்பு விளக்கு. அந்தப் பூட்டுக்கு உத்தரவு வருவதும் இந்தப் பெட்டிகள் வழியாகத்தான். கைச்சாவியோ வெளியே சாமி படத்துக்குக் கீழே, ஆணியில். பாதியில் நிறுத்தினால் முதல் பெட்டி செத்தே போகும். அது தானாக எழும்வரை கிடக்க வேண்டியதுதான்.

“ஏலே, கதவத் தொறங்கலே!” என்று அண்ணாச்சி கத்திப் பார்த்தார். வாசல்வரை கேட்கவில்லை. இரும்புக் கதவை நாற்காலியால் அடித்தார். அதன் கால்தான் ஒடிந்தது. கொஞ்ச நேரத்தில் ரயில் கூவியது. அண்ணாச்சி அந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். “போயிட்டா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூட்டில் பச்சை விளக்கு வந்ததும் வாசலுக்குப் போனோம். வாட்ச்மேன் போனை நீட்டினார்.

“ஒங்க மக ஆட்டோல வந்துச்சு அண்ணாச்சி. அப்பாவப் பாத்துட்டுப் போயிருதேன்னு நின்னுச்சு. யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு அவியதான் சொல்லியிருக்காவன்னு சொன்னேன். அழுதுக்கிட்டே போயிருச்சு.”

இப்போதெல்லாம் கேபிளை அழுத்திப் பார்த்து, அந்த நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன். ஓய்வுபெற்ற அண்ணாச்சி போன மாதம் வந்திருந்தார். திறந்து கிடந்த கதவையும் நாற்காலியையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மக இன்னும் என் போன எடுக்க மாட்டுக்கா தாயி” என்றார்.