வேப்பங்கொட்டையும் நாத்தனாரும்

ஆஸ்பத்திரிச் சமையலறையின் சரக்கு அறையைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையில் சாவி இருந்தால் ஒரு பருக்கைகூட வழிதவறாது என்பது பேச்சு. அந்தப் பேருக்குப் பங்கம் வந்தது வண்டால்.

ஒருநாள் காலையில் சமையல்காரர் முறத்தை அவள் முன்னால் நீட்டினார். பயறில் பாதிக்குப் பாதி ஓட்டை.

"இதைப் போட்டா, வந்த நோயோட வயித்து நோயும் சேத்து வாங்கிட்டுப் போவாங்க," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. அதனால் மருந்துப் புகை போட அனுமதியில்லை. வெயிலில் காயவைத்தாள், சலித்தாள், பொறுக்கினாள். பத்தே நாளில் மறுபடியும் வண்டு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சேதி புருஷன் வழியாக நாத்தனாருக்குப் போயிருக்கிறது. விதை ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவள். வீட்டைப் பாகம் பிரித்தபோது வாய்த்தகராறாகி, நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையும் கையுமாக ஸ்டோரக்கா வீட்டு வாசலில் நின்றாள்.

"சண்டை போட வரல அண்ணி. வேப்பங்கொட்டை கொண்டாந்திருக்கேன். வாளி எங்க இருக்கு?"

ஸ்டோரக்கா வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

கொட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். மறுநாள் துணியில் வடிகட்டிய கசப்புத் தண்ணீரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், காலிச் சாக்குகளை அரைமணி நேரம் அதில் முக்கி நிழலில் உலர்த்தினார்கள்.

"பயறு கசக்காதா?"

"சாக்குதானே குளிக்குது, பயறு இல்லியே. ஆனா ஏற்கெனவே வண்டு உள்ள இருந்தா இது ஒண்ணும் பண்ணாது. புதுச் சரக்கா, நல்லாக் காஞ்சதாப் போடுங்க. ஒரு சின்னச் சாக்கை மட்டும் முக்காம வச்சுப் பாருங்க, அப்பத்தான் நிஜம் தெரியும்."

மூன்று மாதம் கழித்துச் சமையல்காரரை வைத்துக்கொண்டே சாக்குகளைப் பிரித்தாள். முக்காத சாக்கில் வண்டு மொய்த்தது. மற்றதில் சல்லடைக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம்.

"உன் கைராசிம்மா," என்றார் அவர்.

"என்னோடது இல்லண்ணே. என் நாத்தனாரோடது."

அன்று சாயங்காலம் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீ மனசுல வச்சுக்காம வந்தே."

"வச்சுக்கிட்டுதான் வந்தேன் அண்ணி. கொட்டை இடிக்கிற வேலைல மறந்துபோச்சு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அன்றைக்குச் சாப்பாடு அங்கேதான். ஸ்டோரக்கா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.