ஓட்டக் கூடாதவர் வீட்டு மூன்று வண்டிகள்

என் வீட்டுக்காரர் விழுந்தபோது கையில் தண்ணீர் ஓஸ் இருந்தது. காலை நேரம். அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க நான் அவசர அவசரமாகப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டது. வண்டி கழுவும்போது அப்படித் தண்ணீரை வீணாக்குகிறவர் இல்லை அவர். எட்டிப் பார்த்தால் வேனின் பின்சக்கரத்தோரம் கிடந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஓஸ் அவர் மார்பின் மேல் கிடந்து சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

அந்த மாதத்திலேயே இன்னொரு தடவையும் வலிப்பு வந்தது. திருச்சியில் நரம்பு டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"டிராவல்ஸ் வச்சிருக்கேன் சார். நானும் ஓட்டுறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே ஓட்டக் கூடாதுங்க. மாத்திரைய விடாம சாப்பிட்டு, வருஷக்கணக்குல ஒரு தடவைகூட வராம இருந்தா அப்பப் பேசலாம். அதுவரைக்கும் டூவீலர்கூட வேணாம்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவுக்குப் போய்விட்டார். எங்களிடம் வேன் ஓட்டும் தம்பி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவர் சுற்றிவந்து இடது பக்கம் ஏறினார். பெரம்பலூரில் எங்கள் வீடு வரும்வரை ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்து வந்தார்.

அப்போது எங்களிடம் மூன்று வண்டிகள் இருந்தன. ஒன்று தம்பி ஓட்டும் வேன். கல்யாணம், கோயில், ஏலாக்குறிச்சி மாதா கோயில் என்று ஏதாவது ஒரு சவாரி அதற்கு இருந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, அவர் மட்டுமே தொடும் வெள்ளி நிறக் கார். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குப் போகிற ஆபீசர்களை அதில்தான் அழைத்துவருவார். மூன்றாவது, தொழில் தொடங்கியபோது வாங்கிய சின்ன நீலக் கார். வாங்கும்போதே பழசு. எஞ்சின் சூடேறுகிறது என்று மதில் ஓரமாக நிறுத்தியதோடு சரி, பல வருஷமாக யாரும் எடுக்கவில்லை. டயரில் காற்று இறங்கி, வைப்பருக்கு அடியில் வேப்பஞ்சருகு மக்கிக் கிடந்தது.

வீட்டில் இருக்க அவருக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் மூன்று வண்டியையும் ஒரு சுற்று சுற்றுவார். பேட்டரி இறங்கிவிடும் என்று வெள்ளிக் காரை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு அணைப்பார். கேட்டுக்குப் போவார், வருவார். டிவியைப் போடுவார், அணைப்பார். நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே எனக்கும் அதே கதைதான். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, தனியாகக் குளித்துக்கொண்டிருப்பாரோ, அடுப்புப் பக்கம் நிற்பாரோ என்று மனம் வீட்டுக்கு ஓடிவிடும். ஒரு நாள் கழிக்க வேண்டியதைக் கூட்டி எழுதிவிட்டேன். முன்பெஞ்சுப் பெண், "மிஸ், மைனஸ்" என்று மெல்லச் சொன்னாள். பீரியட் முடிவதற்குள் இரண்டு தடவை வராந்தாவுக்கு வந்து போன் செய்வேன். "உயிரோடதான் இருக்கேன்" என்பார் எடுத்தவுடன்.

அப்படி ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் நீலக் காரின் பானெட் திறந்திருந்தது. அவர் கீழே சாக்கு விரித்துப் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்ததும் என் கையிலிருந்த சாப்பாட்டுப் பை நழுவி விழுந்துவிட்டது.

"என்னங்க!"

"ஒண்ணுமில்ல. ரேடியேட்டரக் கழட்டுறேன். அந்தப் பத்து நம்பர் ஸ்பேனர எடு."

விழுந்த பையை எடுத்து ஓரமாக வைத்தேன். பல நாளாகக் கேட்காத ஒரு குரல் அது. ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது, இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுக்க வேண்டும், நான் வீட்டில் இல்லாதபோது வண்டிக்கு அடியில் போகவே கூடாது என்று கட்டளை போட்டேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்.

முதலில் ரேடியேட்டரில் அடைப்பு என்றார். கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் அடித்தால் செந்நிறச் சேறாக ஊற்றியது. திரும்ப மாட்டி ஓடவிட்டால் மறுபடியும் சூடு. பிறகு எஞ்சினைக் குளிரவைக்கும் பேன் ஓடவில்லை என்று கண்டுபிடித்து ஒயரை மாற்றினார். பேன் ஓடியது, சூடும் ஏறியது. அவர் பானெட்டைப் படாரென்று சாத்திவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் தண்ணீர்ப் பம்பில் கசிவு. அதைக் கழற்ற பெல்ட், கவர் என்று வரிசையாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிக்கொண்டது. எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருக்கச் சொன்னேன். அவருக்குப் பொறுக்கவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி, விரல் நசுங்கி, ரத்தத்தோடு போல்ட்டைக் கையில் கொண்டுவந்து காட்டினார். இத்தனைக்கும் அவசரம் ஒன்றுமில்லை. அந்தக் காரை ஓட்ட வீட்டில் ஆளே கிடையாது.

அதனால்தான் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஸ்கூட்டியைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. சாயங்காலங்களில் துறைமங்கலம் பக்கம் அவர்களுடைய காரில் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்ததால் எனக்குத் தைரியம்தான். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "கத்துக்க" என்றார்.

புதுப் பம்ப் மாட்டி, டயருக்குக் காற்றும் அடித்த இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மதில் ஓரம் வெறுமையாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறையும் நான்கு டயர் தடமும்தான். உள்ளே கூப்பிட்டுப் பார்த்தேன், கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டேன். "நான் வேளாங்கண்ணி சவாரியில இருக்கேன் டீச்சர். அண்ணன் கார எடுத்துட்டாரா?" என்று அவன் பதறினான். தெருவுக்கு வந்து நின்றேன். எந்தத் திசையில் போயிருப்பார் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்போது அவரே கூப்பிட்டார். "ரஞ்சன்குடி கிட்ட நிக்கிறேன். பயப்படாத."

"வண்டி நின்னுபோச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்திட்டேன்."

தொழுதூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உள்ள வாங்கம்மா" என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எதிரே வரும் ஒவ்வொரு நீலக் காரையும் குனிந்து பார்த்தேன்.

ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பிரியும் பாதை அருகே சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார். காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"லாங்ல போனாத்தான் சூடு ஏறுதா இல்லையான்னு தெரியும். தெருவுக்குள்ள சுத்துனாத் தெரியாது" என்றார்.

நான் அவர் தலையில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஏறல. சூடு காட்டுற முள்ளு பாதியிலேயே நிக்கிது. வந்துக்கிட்டே இருக்கையில ஒரு கருகல் வாடை. வண்டியிலேருந்துதான்னு நெனச்சு ஓரங்கட்டிப் பானெட்டத் தொறந்து பாத்தேன். அங்க ஒண்ணுமில்ல. வாடை எம் மூக்குக்குள்ளதான். மொதல்ல ரெண்டு தடவ வந்தப்பவும் இதே வாடைதான் வந்துச்சு." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் ஒண்ணும் வரல. உக்காந்துட்டேன்."

திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த நெடுஞ்சாலையில் எத்தனை லாரி, எத்தனை பஸ், ஓரமாகப் போகிற எத்தனை சைக்கிள்! அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி வர ராத்திரியாயிடும். யாரையாச்சும் கூப்பிடலாம்" என்றார்.

"சாவியக் குடுங்க."

அவர் நம்பவில்லை. "எட்டு நாள்தான் கத்துருக்க."

"எல்.எல்.ஆர். வாங்கிட்டேன், லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல இருந்தாப் போதும். உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

காரில் மாட்ட எல் போர்டு இல்லை. டூல்ஸ் பெட்டியிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் பெரிதாக ஒரு எல் ஒட்டினார். கோணலாக வந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினார். நான் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு தடவை வண்டி குதித்து நின்றது. மூன்றாவதில் நகர்ந்தது. திரும்ப வேண்டிய இடம் வந்தபோது, "இரு. இன்னொரு லாரி போகட்டும். இரு. இப்ப. போ, போ, நிறுத்தாத" என்றார். பிறகு இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் என் தோள் காது வரை ஏறியது. அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

"கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டாத. எடு."

"பேசாம வாங்க."

கொஞ்ச தூரம் சன்னலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு, "முள்ளு ஏறவே இல்ல பாரு" என்றார், டாஷ்போர்டைக் காட்டி. நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் குரலில் சந்தோஷம் இருந்ததை மட்டும் கவனித்தேன். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது கியர் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மதில் ஓரம் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. தெருவில் குறுக்காக நின்றது வண்டி. அவர் மாத்திரை போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் காப்பி குடிக்கும்போது, அதுவரை நாங்கள் தொடாமல் வைத்திருந்த பேச்சை அவரே எடுத்தார்.

"மூணும் வேணாம். வேனத் தம்பி ஓட்டட்டும், அது சம்பாதிக்கும்."

"சரி."

"நீலத்த வச்சுக்குவோம். வித்தாலும் யாரு வாங்கப்போறா? உனக்கும் அது கை வந்துடும். ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும்." வெள்ளிக் கார் பக்கம் திரும்பாமலே, "அதக் குடுத்துடலாம்" என்றார்.

"டிரைவர் போட்டு ஓட்டலாமே."

"இன்னொருத்தன் கையில அது போறத வாசல்ல நின்னு தெனம் பாக்கணுமா? அதுக்கு இல்லாமலே இருக்கட்டும்."

வெள்ளிக் காரை வாங்க ஒருவர் வந்தார், விக்கிரமங்கலம் பக்கத்து விவசாயி. மரியாதையான மனிதர். காரைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துவிட்டது. இவர்தான் கூடவே சுற்றிச்சுற்றி வந்தார். "இந்தக் கதவுல ஒரு சத்தம் இருக்கு. ஏசி வெயில் காலத்துல பத்தாது. பின்சீட்டுல மூணு பேரு உக்காந்தா இடிக்கும்." அப்படி ஒரு சத்தமும் கிடையாது. ஏசியைப் பற்றி எந்த ஆபீசரும் குறை சொன்னதில்லை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, குடுக்குறீங்களா, குடுக்கலையா? மனசில்லன்னா சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்கமாட்டேன்" என்றார்.

இவர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "குடுக்கத்தான் கூப்புட்டேன். பழக்கதோஷம், எடுத்துட்டுப் போங்க."

கார் தெருவைத் திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாலு ரோடு வரை போயிருக்கிறார். வேர்த்து விறுவிறுத்து வந்து, வந்த வேகத்தில் நீலக் காரின் பானெட்டைத் தூக்கினார். எதையும் கழற்றவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நான் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். நீலக் காரில்தான் அரியலூர் போகிறேன். அது இன்னும் ஏதாவது ஒன்றைப் பழுதாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. சைலன்சர் ஒரு தடவை, சன்னல் இறங்காமல் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிரிப்பார், நான் பக்கத்தில் முக்காலி போட்டு விடைத்தாள் திருத்துவேன். அவர் அடியில் போனால் நான் எழுந்து நின்றுகொள்வேன். இன்றுவரை வலிப்பு திரும்ப வரவில்லை. கருகல் வாடையும் வரவில்லை என்கிறார். நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே ஒவ்வொரு இடைவேளையிலும் போன் செய்கிறேன்.

போன மாதம் டாக்டர், "நல்லா இருக்கு. ஆனா இன்னும் பொறுங்க" என்றார். அதற்கு அடுத்த நாள் வீட்டுக்காரரும் என்னோடு அரியலூர் கிளம்பினார், ஏதோ பல்பு வாங்க வேண்டும் என்று. பேரளி தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். அவரால் உட்கார முடியவில்லை. "என்னான்னு பாத்துட்டு வரேன்" என்று இறங்கி, லாரி வரிசையின் ஓரமாக நடந்து போய் மறைந்துவிட்டார். திடீரென்று வரிசை நகரத் தொடங்கியது. பின்னால் ஹாரன். நானும் நகர்த்தினேன். புழுதியில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போனேன். முறிந்த லாரியைத் தாண்டி வெகுதூரத்தில், சாலையோரம் வேகமாக நடந்துகொண்டிருந்தார், அரியலூர் வரைக்கும் நடந்தே போய்விடுகிறவர் மாதிரி.

பக்கத்தில் நிறுத்தினேன். மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.

"நீ நிறுத்த மாட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"பெல்ட்டப் போடுங்க" என்றேன்.