மாலை போட்ட கல்

வட்டக்கச்சியில் இன்று ஊர்ப் பண்பாட்டு விழா. ஊர்வலத்துக்கு வழிவிட்டு எங்கள் பஸ் நிற்கிறது. எப்போது கிளம்பும் என்று சாரதிக்கே தெரியாததால், நான் இறங்கிக் கண்காட்சிக் கொட்டகைக்குள் நுழைகிறேன்.

நடு மேசையில் பட்டு விரித்து, மாலை போட்டு, பெரிய கருங்கல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ‘அரசர் காலத்துக் கல்’ என்கிறது அட்டை. பக்கத்தில் நிற்கும் பெண் ஒருவர் இடுப்பில் கைவைத்தபடி அதை முறைக்கிறார்.

“இது என்ர உடுப்புத் தோய்க்கிற கல்லு, தம்பி. காலமை கிணத்தடிக்குப் போனால் காணேல்லை. மற்ற ஊர் அக்கராயன்காரர் தங்கட விழாவில பழைய வாள் ஒண்டு காட்டினவையாம். அதுக்குப் போட்டியா எங்கட ஆக்கள் செய்த வேலை.”

“திருப்பிக் கேளுங்கோவன், அக்கா.”

“கேக்கத்தான் வந்தனான்.”

அதற்குள் விழாத் தலைவர், அக்கராயனிலிருந்து வந்த விருந்தினரை மேசைக்குக் கூட்டி வருகிறார். விருந்தினர் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

“இது தோய்க்கிற கல்லு மாதிரியெல்லோ கிடக்கு!”

தலைவருக்கு முகம் வெளிறிப்போகிறது. அக்கா விறுவிறென்று முன்னால் போய் விருந்தினரின் கையைத் தட்டிவிடுகிறார்.

“ராசா குந்தின கல்லில கை வைக்காதையுங்கோ, அண்ணை!”