நான் படித்துக் காட்டாத வரி

உள்ளங்கை அளவு சுண்ணாம்புக் காரைத் துண்டு அது. என் மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயது. எடுத்து வாயில் வைக்கப் போனாள், நான்தான் அலறினேன். ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில் இருந்த பாழடைந்த பெரிய வீட்டின் கூடத்தில் அது நடந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை. அந்த வீட்டை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

யாரோ ஒரு கப்பல் தரகர் நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது என்பார்கள். வாரிசுகள் எங்கோ போய்விட்டார்கள். கதவுகள் இல்லை, ஜன்னல்களில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. ஆனால் எங்கள் சந்துக்கு அது வேண்டியிருந்தது. எங்களுடையவை ஒற்றை அறை லைன் வீடுகள். ஒருவர் நடக்கிற அகலத்தில் ஒரு நடை. அதில் சவப்பெட்டி திரும்பாது. அதனால் யார் இறந்தாலும் உடலைப் பாயோடு தூக்கி வந்து அந்தக் கூடத்தில்தான் பெட்டியில் வைப்போம். சர்ச் சாமியார் நின்று ஜெபிக்கவும், சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அழவும் அங்கே இடம் இருந்தது. துறைமுகத்தில் பளு விழுந்து இறந்த எதிர்வீட்டு அக்காவின் புருஷனையும் அங்கேதான் கிடத்தியிருந்தார்கள்.

இடிக்க வேண்டாமென்று மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம் என்று கிளம்பியது அந்த அக்காதான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சந்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான் ஒருத்தி.

“ஆபீசரு படிச்சிட்டு அழுவணும் பாப்பா. வூடுன்னு போடாத, மாளிகைன்னு போடு.”

“மரம் மொளச்ச மாளிகையா?” என்றார் குழாயடியில் நின்ற மீன்கார அம்மா.

“சிரி, சிரி. நாளிக்கு உன்னியும் அங்கதான கெடத்தணும்?” என்றார் அக்கா. மீன்கார அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

எல்லோரும் சொன்னதை எழுதினேன். கடைசியில் யாரும் சொல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். கூரைக் காரை பெயர்ந்து குழந்தைகள் அருகே விழுவதால் பழுதுபார்த்துத் தர வேண்டுகிறோம் என்று. பழுதுபார்க்கத்தான் கேட்டேன். மறைத்தால் பொய் மனு ஆகிவிடுமோ என்று ஒரு பயம். நாளை இன்னொரு குழந்தையின் தலையில் விழுந்தால் என்று அதைவிடப் பெரிய பயம். ஆனால் அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கைநாட்டு வைத்துவிட்டு, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி வந்தார்.

அதிகாரி வந்தார். கூடத்தின் நடுவில் நின்று மனுவைப் புரட்டி, அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். “நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். “புள்ள பெத்தவ. வேற இன்னா எழுதுவா?” என்று சொல்லி, என் இடுப்பிலிருந்த மகளை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

இடித்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கடப்பாரை சுவரில் பட்டு எகிறித் திரும்பியது. விழுந்துவிடும் என்று நான் பயந்த வீடு! சோறு வடிக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சுவர்தான் உறுதி, கூரை உறுதியா என்று எனக்கு நானே வாதாடுவேன். இன்றைக்கும் அந்த வாதம் முடியவில்லை. அந்த இடத்தில் இப்போது லாரி ஷெட்டு இருக்கிறது.

போன ஐப்பசியில் அக்கா இறந்தார். பாயோடு தூக்கி வெளியே வந்த பிறகுதான், எங்கே கொண்டுபோவது என்று எல்லோரும் நின்றோம். கடைசியில் ஷெட்டு மதிலோரமாகத் தெருவில் இரண்டு பெஞ்சு போட்டுப் பெட்டியை வைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. நாலு பேர் தார்ப்பாயை உயர்த்திப் பிடித்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஹாரன் அடித்து வழி கேட்டன. ஒவ்வொரு லாரிக்கும் பெட்டியைத் தூக்கி ஒதுக்க வேண்டியிருந்தது. சாமியார் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார்.

“பெரீம்மாவ ஏம்மா தெருவுல வெச்சிருக்காங்க?” என்று கேட்டாள் என் மகள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு கீறல்கூட இல்லாத அவள் தலையை முந்தானையால் துவட்டினேன்.