தேயிலை விலையும் கலஹா பஸ்ஸும்

"...அதுக்கு, லண்டன்ல தேயிலை வெல எறங்கினா நீங்க என்னத்துக்கு புள்ள கண்டிக்கு நடக்கோணும்? ஏறுங்க!"

எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். கெலிஓயா முஸ்லிம்; அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லாருக்கும் அவர் நானாதான். நான் அந்த பஸ்ஸில் கண்டக்டர். கலஹாவுக்குக் கீழே ஒரு வளைவில், எஞ்சின் உறும உறும நிறுத்தியிருந்தோம். ரோட்டோரம் நின்றவள் கொழுந்து பறிக்கிற பெண். புருஷன் கண்டி ஆஸ்பத்திரியில். முதல் நாளும் நடந்தே போயிருக்கிறாள். போய்ச் சேருவதற்குள் கேட்டை மூடிவிட்டார்களாம். முகம் பார்க்காமலே திரும்பியிருக்கிறாள்.

"கையில காசில்லீங்க நானா. வேல கெடச்சதும் ஏறுறேன்."

"காசு யாரு கேட்டா?"

"கேக்காட்டியும் கூசுதுங்க. காசு குடுத்து ஏறுன பஸ்ஸு."

அது உண்மைதான். விலை நன்றாயிருந்த காலத்தில், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளும் தோழிகளும் புதுச்சேலை சரசரக்க ஏறுவார்கள். கால் வைக்க இடமிருக்காது. "கூடய மடியில வைங்கடி, எடமில்லாட்டி நானா மடியில வைங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துவாள், பஸ்ஸே சிரிக்கும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் முதலாளி பஸ்ஸே வாங்கினார். கடைத்தெருவில் புடவைக்கடை வந்தது, தேத்தண்ணிக்கடை வந்தது. எங்கள் தேயிலை கப்பலேறிப் போனது. பஸ்ஸுக்கு டயரும் பெட்ரோலும் கப்பலில் வந்தன. கடலையே காணாத நாங்கள் கடலை நம்பிப் பிழைத்திருக்கிறோம் என்பது, விலை விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. பஸ்ஸில் ஆசனங்கள் காலியாகின. பஸ் சத்தம் கேட்டால், நடந்து போகிறவர்கள் எங்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "மலையில என்ன, பயாஸ்கோப்பா காட்டுறான்?" என்பார் நானா. சிரிக்க மாட்டார்.

இவளும் திரும்பிக்கொண்டாள். "நீங்க போங்க நானா. நேரமாகுது."

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. குளிர்ந்த காலைகளில் எஞ்சின் கிளம்பாது; எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். ரோட்டில் போகிறவர்களும் கைகொடுப்பார்கள். தள்ளியவர்களிடம் காசு வாங்குவதில்லை. அந்தப் பயணம் அவர்கள் உழைத்த கூலி. யாரும் அதைத் தர்மமென்று நினைத்ததில்லை. அவளே எத்தனையோ தடவை தள்ளிவிட்டு, ராணி மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

நானா சாய்கிற வெயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தார்.