மிதித்தால் வந்த வெளிச்சம்

அறுபதுகளில் நடந்தது இது. நான் கவுஞ்சியில் வாழ்க்கைப்பட்டு, மூத்தவனுக்குப் பல் முளைக்கிற பருவம். ஐப்பசி மழையில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. கொடைக்கானலுக்குக் கோஸ் மூட்டை ஏற்றிப் போன லாரியில் மாமனாரும் நானும் பிள்ளையோடு ஏறிக்கொண்டோம். டிரைவர் பக்கத்தில் மாமனார், கதவோரம் நான்.

பாதி வழியில் பொழுது மங்கி, பனியும் மூடிவிட்டது. ஒரு வளைவில் பட்டென்று லைட்டு அணைந்தது. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். டிரைவர் இறங்கி லைட்டுகளைத் தட்டினார், பல்பைக் கழற்றி மாட்டினார். மினுக்கென்று எரியும், போய்விடும்.

“இனி விடிஞ்சாத்தான் வண்டி நகரும் பெரியவரே. பள்ளத்துல விடச் சொல்றீங்களா?”

பிள்ளைக்கு மூச்சு இழுக்க இழுக்க வயிறு ஒட்டி ஒட்டி எழுந்தது. விடியும்வரை தாங்குமா?

அப்போதுதான் கவனித்தேன். பிள்ளையை மடியில் ஏற்றிப் போட நான் காலடிப் பலகையில் காலை ஊன்றும்போதெல்லாம் லைட்டு வருகிறது. தான் தட்டியதில் வந்ததாக டிரைவர் நினைத்துக்கொள்கிறார். வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன். வந்தது. எடுத்தேன். போனது.

எப்படிச் சொல்வது? மாமனாரிடம் நேராகப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வேற்று ஆம்பளையிடம் கேட்கவே வேண்டாம். சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொல்வோம். “ராசா, அம்மா காலுக்குக் கீழ மிதிச்சா லைட்டு வருதுன்னு தாத்தாகிட்டச் சொல்லுய்யா” என்றேன். பேச்சே வராத பிள்ளை, கண்ணைக்கூடத் திறக்காமல் கிடக்கிறான். என் குரலும் எழும்பவில்லை. மறுபடியும் கத்திச் சொன்னேன்.

“ஏப்பா, பேரன் என்னமோ சொல்றான். இங்கிட்டுப் பலகையத் தூக்கிப் பாரு” என்றார் மாமனார்.

“இம்புட்டு நேரம் பேரன் எங்க போயிருந்தாராம்?” என்று டிரைவர் பலகையைக் கழற்றினார். அடியில் ஓடிய ஒயரில் எப்போதோ போட்ட ஒட்டு ஈரத்தில் இற்று, பிரிந்து கிடந்தது. பலகை அமுங்கினால் மட்டும் ஒட்டியிருக்கிறது. ஒயரைச் சுரண்டி முறுக்கி, பழைய டியூப் ரப்பரைச் சுற்றினார். லைட்டு நின்று எரிந்தது. அப்படியும் ஆஸ்பத்திரி வரும்வரை நான் அந்தப் பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை.

டாக்டர், “எப்பருந்து இழுக்குது?” என்று கேட்டார். மாமனார் என்னைப் பார்த்து, “நீயே சொல்லும்மா, ஒனக்குத்தான் தெரியும்” என்று ஒதுங்கி நின்றார். சொன்னேன்.

அந்தப் பிள்ளை இப்போது பேரன் எடுத்துவிட்டான். எனக்கு இன்னமும் நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஆனால் சொல்லியே தீரவேண்டியது ஒன்று வந்துவிட்டால், என் குதிகால் தானாகத் தரையை அழுத்தும், வாயும் திறந்துகொள்ளும்.