தொடங்கிய கல்லுக்குத் திரும்பியவர்

14.11.2024, வியாழக்கிழமை, காலை மணி 7.10
குளத்தூர்

நினைவுக் குறிப்பு எண் 1: திரு. சின்னையா அவர்கள் அளந்து முடித்த கிரகம்

அன்புள்ள சித்ரா அவர்களுக்கு,

தங்கள் தந்தையாரின் பதினாறாம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் எனக் கேட்டிருந்தீர்கள். 3.11.2024 ஞாயிறு காலை மணி 6.25க்குத் தங்கள் தாயார் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, அவுக எந்திரிக்கல" என்றார்கள். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அறுபத்தொன்பது வயது வரை எந்தக் கணக்கையும் பாதியில் விடாதவர், உறக்கத்திலேயே விடைபெற்றிருந்தார்.

அவர் நில அளவர், நான் வரைவாளர். அவர் வெயிலில் அளந்து வந்ததை நான் நிழலில் அமர்ந்து வரைபடமாக்குவேன். இருபத்தேழு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. ஓய்வுக்குப் பின் எங்களை மறுபடி வேலைக்கு அழைத்தது தாங்கள் விட்டுச்சென்ற கையடக்க விளையாட்டுக் கருவி.

2019 ஜனவரி விடுமுறையில் வந்தபோது அதைத் தாங்கள் மேசையில் வைத்து, "குகைக்குள்ள வழியே தெரியலப்பா, விட்டுட்டேன்" என்றீர்களாம். தாங்கள் சிங்கப்பூர் திரும்பியபின் அதை எடுத்துப் பார்த்தார். செந்நிறக் கிரகம், வானத்தில் இரண்டு நிலவுகள், விழுந்து மண்ணில் புதைந்த விண்கலம், அதன் அருகே தாங்கள் உருவாக்கிய நீலக் கவசம் பூண்ட வீராங்கனை. இயந்திர விலங்குகளை வெல்ல வெல்ல அவளுடைய வலிமை ஏறும். ஊரார் இதைச் சண்டை விளையாட்டு என்பார்கள். அவர் அதை அளக்கப்படாத நிலமாகக் கண்டார்.

"வழி தெரியலன்னு புள்ள சொல்லிட்டுப் போயிருக்கு. சர்வேயர் வீட்டுல சொல்ற பேச்சா சார் இது?" என்றார் என்னிடம்.

விண்கலத்தையே தொடக்கக் கல்லாகக் கொண்டு, வீராங்கனையின் காலடிகளை எண்ணி அளவுப் புத்தகத்தில் எழுதினார். நான் வரைந்தேன். "அங்கிட்டு மிருகம் தொரத்துது, இங்கிட்டு இவுக அடி எண்ணிக்கிட்டு இருக்காக. ரெண்டு கெழவங்களுக்கும் புத்தி பெசகிருச்சு" என்று தங்கள் தாயார் காப்பியை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் திரும்பாமலே, "மிருகத்துக்கும் ஒரு எல்லை இருக்கு, இந்தப் பாறைக்கு இங்கிட்டு வராது, அதையும் குறிச்சாச்சு" என்பார்.

இனி எழுதப்போவதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். சொல்லக்கூடாது என்று அவர் என்னைத் தடுத்திருந்தார். அவர் இல்லாத நிலையில் அதை மறைப்பது முறையன்று.

9.3.2023 வியாழன் காலை. கண்புரை அறுவைக்குப் பின் சொட்டு மருந்திட்டுக் கண்ணை மூடியிருந்த அவர், "ஆன் பண்ணி வைங்க சார்" என்றார். திரையில் 'தொடர்க', 'புதிது' என்னும் பொருளில் இரு ஆங்கிலச் சொற்கள் நின்றன. எங்கள் வேலையில் ஒவ்வொரு நாளின் அளவையும் புதுப் பக்கத்தில்தான் தொடங்குவோம். நேற்றைய பக்கம் பின்னால் பத்திரமாக இருக்கும். ஆகவே புதியதை அழுத்தினேன். பழையதை நீக்கலாமா என்று கேட்டது. பின்னால் சேர்த்துவிடும் என்றெண்ணி ஒப்புக்கொண்டேன். தாங்கள் வளர்த்த வீராங்கனையும், அவருடைய நான்காண்டு நடையும் அந்த நொடியில் அழிந்தன.

விவரம் தெரிந்தபோது அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார்.

"பொஸ்தகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பறம் ஏன் சார் மூஞ்சிய இப்புடி வச்சிருக்கீங்க? வயல்ல எவனாச்சும் கல்லப் புடுங்கிட்டா, அளவப் பாத்து அதே எடத்துல நட மாட்டோமா? பாப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. வருத்தப்படும்."

மறுநாளே தொடங்கினார். வீராங்கனைக்கு அதே பெயர், அதே நீலக் கவசம். நான்காண்டு நடந்த தொலைவை நான்கு மாதத்துக்குள் மீட்டார். தாங்கள் வழி தெரியாமல் திரும்பிய அந்த இருட்குகையில், திரை முழுவதும் கருமை. நான் புத்தகத்தைப் படித்தேன்: "இடப்புறம் நாற்பத்தொன்று. வலப்புறம் பதினேழு." அவர் விரல் நகர்ந்தது. பதினேழாம் அடியில் கதவு திறந்து, இரு நிலவுகளும் சிவந்த கடலின் மேல் எழுந்தன. எங்கோ யாரோ கற்பனையில் கட்டிய உலகம், இந்தக் குளத்தூர்க்காரரின் பென்சில் எழுத்துக்குக் கட்டுப்பட்டு நின்றது. அவர் குரல் தாழ்த்தி, "என்னமா கட்டிருக்காங்க சார்! ஒரு அடி பெசகல" என்றார்.

சென்ற மாதம், கடைசிச் சண்டைக்குக் காத்திருக்கும் இறுதி இயந்திரத்தின் வாயிலை அடைந்தார். இதயம் தளர்ந்திருந்தது, நாள் அதிகமில்லை என்று அவருக்குத் தெரியும். "உள்ள போங்க, முடிச்சிருங்க" என்று நான் அவசரப்படுத்தினேன். அவர் வீராங்கனையைத் திருப்பி, வேறொரு பாதையில் தொடக்கத்துக்கு நடத்தினார்.

"பொறப்பட்ட கல்லுக்கு வந்து சேந்தாத்தானே அளவு சரியா தப்பான்னு தெரியும். அந்தச் சண்டை பாப்பாவோடது சார். வழிதான் நம்ம வேலை."

30.10.2024 புதன், முற்பகல் 11.20க்கு விண்கலத்தை அடைந்தார். பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட காலடிகளில் பிழை மூன்றே காலடி.

"மூணு அடி ஒதைக்குது. பாஸ் போடுவீங்களா, டிராப்ட்ஸ்மேன் சார்?"

"போட்டாச்சு" என்றேன். சிரித்தார்.

அவர் நிறுத்திய இடத்திலேயே அவள் நிற்கிறாள். எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோதும் அவளுடைய தோள்கள் மெல்ல ஏறி இறங்குகின்றன. 3ஆம் தேதி காலை, அவர் தலைமாட்டில் ஒளி குறையாமலிருந்த திரையிலும் அவள் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று முதல் தவறாமல் மின்னேற்றி வருகிறேன்.

சென்று வாருங்கள், சர்வேயர் சார். தங்கள் அளவு சரி.

தங்கள் நலம் நாடும்
பழைய வரைவாளர்

இணைப்பு:
1. கையடக்கக் கருவி, முழு மின்னேற்றத்துடன்.
2. அவர் கைப்பட எழுதிய அளவுப் புத்தகங்கள், மூன்று.
3. கிரகத்தின் வரைபடம், இருபத்தாறு தாள்கள். கடைசித் தாளுக்கு நேற்றுதான் மையிட்டேன்.
4. திரையில் 'புதிது' தோன்றும் இடத்தை மறைத்து 9.3.2023 மாலை நான் ஒட்டிய காகிதத் துண்டு. கருவியிலேயே உள்ளது. தாங்கள் இறுதி வாயிலைக் கடக்கும்வரை அதை உரிக்க வேண்டாம்.